ஒரே அடுப்பு

இல்லீங்க. ஒரே ஒரு சொல். அதைத்தான் மூன்று நாளாக அம்சவேணி வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறாள், பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட பாக்குத் துணுக்கை நாக்கு விடாமல் நெருடுகிற மாதிரி. நீதிபதி அம்மா கேட்பார், இவருக்கு நீங்கதான் சமைச்சுப் போடறீங்களா என்று. தலையை நிமிர்த்தி இல்லீங்க என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இன்றைக்கே முடிந்துபோகும், முப்பத்திரண்டு வருஷம். வக்கீல் நளாயினி காலையில் அவளை வராந்தாத் தூணோரம் நிறுத்தி, மனப்பாடச் செய்யுள் கேட்கிற டீச்சர் மாதிரி இரண்டு தடவை ஒப்பிக்கச் சொன்னாள். "அதோட நிறுத்திக்குங்கம்மா. ஏன் எதுக்குன்னு நீட்டாதீங்க. போன தடவை நீட்டித்தான் கெட்டுது." அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புருஷனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தவளின் பெயரை வைத்துக்கொண்டு, ஊரார் புருஷன்களை இறக்கி வைக்கிற வேலை பார்க்கிறாள். சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதில் அம்சவேணிக்கு நல்ல பழக்கம். சொல்லக் கூடாததை மட்டும்தான் அவளால் அடக்க முடிவதில்லை. இரும்பு பெஞ்சு தொடையில் குளிர்ந்தது. எதிர்ச் சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சை பெயின்ட், அதற்கு மேல் சுண்ணாம்பு, சுண்ணாம்பில் தலை சாய்த்துச் சாய்த்து உண்டான எண்ணெய்க் கறைகள், ஒவ்வொன்றும் ஒரு தலையளவு. எத்தனை தலை. பத்தரை மணியிலிருந்து டவாலி கதவோரம் நின்று பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை, மூன்றாவது தடவை தொலைந்த ஆட்டைக் கூப்பிடுகிற எரிச்சலோடு. புருஷன் பேரும் பெண்டாட்டி பேரும் சேர்ந்து வருவது கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பிறகு இங்கேதான். இவர்களுடையது எண் இருநூற்றுப் பதினேழு. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் கொடுத்த மனு. கொடுத்ததும் ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்; சட்டம் அப்படித்தானாம். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு நிமிஷம் யோசி என்று யாரும் சொல்லவில்லை. மனுவில் ஒரு வரி, ஒரு வருஷத்துக்கு மேலாகக் கணவன் மனைவியாக வாழாமல் தனித்தனியே வாழ்கிறோம் என்று. எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. இடையில் பேசிப் பார்க்கச் சொல்லி அனுப்பிய ஆலோசகர் அம்மா, தன் அறிக்கையில் அதற்கு எதிராக ஒரு வரி எழுதிவிட்டார். தம்பதியர் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் உண்டு வருகின்றனர்.

"ஏனுங்க்கா, புள்ளைக்குக் கேசுங்களா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். மஞ்சள் சுடிதார், மடியில் வாயைத் திறந்து தூங்குகிற கைக்குழந்தை. "இல்லை கண்ணு." "பையனுக்குங்களா?" "எனக்குத்தான்." அந்தப் பெண் முதலில் அவள் நரைத்த வகிட்டைப் பார்த்தாள், பிறகு கழுத்தை, பிறகு கால் மெட்டியை, விலை விசாரித்த பிறகு சேலையைப் புரட்டுகிற மாதிரி. "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க்கா. அங்க பாருங்க, பச்சைச் சட்டை, போனை நோண்டிட்டு நிக்குதுல்ல, அதுதான் எங்கூட்டு மகாராசா. மாசாமாசம் வராம வாய்தா வாங்கிட்டே இருந்துச்சு. இன்னிக்குத்தான் மூஞ்சியக் காட்டிருக்குது. உங்களுது எங்கீங்க?" "இன்னும் வரலை." "வராதுங்க. கல்யாணத்துக்கு மட்டுந்தான் நேரத்துக்கு வரும் இதுக." தன் சிரிப்பில் குழந்தை அசைந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்சவேணியும் சிரித்தாள், ஆனால் அந்த வயசு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. எந்த வயசில் செய்யலாம்? பல் வலித்தால் இந்த வயசிலா என்று கேட்பார்களா? இருபத்தெட்டில் புள்ளை சின்னதாயிருக்குது என்றார்கள், முப்பத்தைந்தில் புள்ளை பெரிதாகிவிட்டாள் என்றார்கள், நாற்பத்தைந்தில் சம்பந்தம் பேசுகிற நேரம் என்றார்கள். இல்லை, யாரும் சொல்லவில்லை. அவளாகவே சொல்லிக்கொண்டாள், ஒவ்வொரு தடவையும் அவர்கள் குரலில். ஐம்பத்தேழில்தான் குரல்களெல்லாம் ஓய்ந்து, வீடு அடங்கி, அவள் கேட்டதெல்லாம் கீழே டி.வி. ஓடுகிற சத்தம் மட்டும். அவளுடைய ஊரில், ஒன்றுவிட்ட அத்தை ஒருத்திக்குத் துரும்பு கிள்ளிப் போட்டுக் கல்யாணத்தை அத்துவிட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். நாலு பெரியவர்கள், ஒரு வேப்பமரம், ஒரு துரும்பு. அரைமணி நேரத்தில் அத்தை எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள். அத்தையிடம் யாரும் எதில் சமைக்கிறாய் என்று கேட்கவில்லை. ஆனால் ஏன் என்றும் கேட்கவில்லை, உனக்கு என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இங்கே கேட்கிறார்கள். கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்வதுதான் பயமாக இருக்கிறது.

ஆலோசகர் அம்மாவின் அறையில் பிளாஸ்டிக் ரோஜா, இரண்டு நாற்காலி பக்கம் பக்கமாக, அவற்றைத் தள்ளிப் போட முடியாதபடி சுவருக்கும் மேசைக்கும் நடுவில் நெருக்கி வைத்தது. வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் முழங்கையும் இவள் முழங்கையும் அத்தனை நேரம் ஒட்டியிருந்ததே இல்லை. பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு அந்த அம்மா விரல் மடக்கினார். "அடிப்பாரா?" "இல்லீங்க." "குடிப்பாரா?" "இல்லீங்க." "தொடுப்பு ஏதாவது?" "அதெல்லாம் இல்லீங்க." மூன்று விரலும் மடங்கி, மடக்க வேறு விரல் இல்லாமல் கை மேசைமேல் படுத்தது. "அப்புறம் என்னங்கம்மா?" அப்புறம் என்ன. அதற்குத்தான் விரல் இல்லை. பேசமாட்டாருங்க என்றாள். "எங்கூட்டுக்காரர் பேசிப் பேசியே கொல்றாரு, மாத்திக்கலாமா?" என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார், கெட்டவர் இல்லை, அன்றைக்கு அது ஒன்பதாவது தம்பதியோ பத்தாவதோ. அம்சவேணி அப்போது, சொல்லியிருக்க வேண்டாம், வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எழுத டீச்சர் வந்த கதையைச் சொன்னாள். வாசலில் டீச்சர் நோட்டோடு நின்று, வீட்டுல எத்தனை பேருங்க சார் என்று கேட்டாள். அவர் பேப்பரை மடக்காமலே, நான் ஒருத்தன்தானுங்க என்றார். அடுப்படியில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் மூக்கை உறிஞ்சி, அப்ப உள்ள சமையல் பண்றது யாருங்க என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார், அதுதான். "ஆமாமா. இன்னொண்ணு போட்டுக்குங்க." மளிகைச் சீட்டில் விட்டுப்போன பெருங்காயத்தைச் சேர்க்கிற மாதிரி. வெட்கப்படவில்லை, சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அம்சவேணி காலியாகக் கிடந்த மாடிப் போர்ஷனைக் கூட்டிக் கழுவிப் பாயைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். "மறதிக்கெல்லாம் டைவர்ஸ் குடுத்தா ஊர்ல ஒரு ஆம்பளைக்குப் பொண்டாட்டி மிஞ்சாதுங்க" என்றார் ஆலோசகர் அம்மா. சரி, அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பேனாவை மூடிக்கொண்டே, "சாப்பாட்டுக்கு என்ன பண்றாரு, பாவம்" என்று ஒரு சொல் விழுந்தது. பாவம். அந்தச் சொல்தான் தைத்தது. "பாவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் மேல போன நாள்லயிருந்து ஒரு வேளை அவரைப் பட்டினி போட்டதில்லை. மூணு வேளையும் சூடா இறங்குது" என்றாள், நெஞ்சை நிமிர்த்தி, நற்சான்றிதழ் நீட்டுகிறவள் மாதிரி. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல. எப்படிப்பட்டவள் இல்லை? ஆலோசகர் அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. "பாத்தீங்களா, பாசம் எங்கயும் போகலை!" மூடிய பேனா மறுபடி திறந்தது.

பாசமா? அம்சவேணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள், அரிசியில் கல் தேடுகிற மாதிரி. இல்லை. பயமா? அதுவும் இல்லை. மாடி ஏறிய மறுநாள் காலை எட்டு மணிக்குக் கை தானாக இரண்டு தட்டு இட்லி கூடுதலாக ஊற்றியிருந்தது. ஊற்றியதை என்ன செய்வது? தூக்குப்போசியில் போட்டு இறங்கி, கீழிருந்து மூன்றாவது படியில் வைத்துவிட்டு வந்தாள். பத்து நிமிஷத்தில் எடுக்கிற சத்தம் கேட்டது. ஒன்பது மணிக்குப் போசி காலியாக, கழுவாமல், அதே படியில். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முடிந்து ஒப்பந்தமாகிவிட்டது. பத்தொன்பது மாதம். வக்கீல் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உடனே நிறுத்துங்கம்மா. உங்க கேசே அந்தப் போசியிலதான் போகுது." நிறுத்தினாள். இரண்டு நாள். முதல் நாள் அவர் வாழைப்பழம் தின்றார், தோலைப் படியில் வைத்தார். இரண்டாம் நாள் எட்டு மணிக்கு வந்து படியடியில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. தொண்டையைச் செருமவில்லை. கூப்பிட்டிருந்தால், அம்சவேணி என்று ஒரு தடவை, அல்லது ஏய் என்றாவது, அவள் போயிருக்க மாட்டாள். சத்தியமாகப் போயிருக்க மாட்டாள். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி, இன்றைக்கு லேட்டு, ஆனால் வரும் என்கிற மாதிரி. மேலே தட்டில் வைத்த தோசை இவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு உசிர் கீழே பசித்திருக்கிறது. அது புருஷன் என்பதால் இல்லை. தெருவில் நாய் நின்றாலும் இவளுக்கு இறங்காது. நாய்க்குப் போடுகிறவளை நாயோடு குடும்பம் நடத்துகிறாள் என்று யாரும் எழுதுவதில்லை. மூன்றாம் நாள் போசி இறங்கியது.

அவர், குழந்தைவேலு, ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். மெஷின் ஓடுகிற இடத்தில் பேச்சு எடுபடாது, அங்கே எல்லாம் கைச்சாடைதான். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். உள்ளங்கை கவிழ்ந்தால், போதும் என்று அர்த்தம். விரல் டம்ளர் பக்கம் வளைந்தால் தண்ணீர். இரண்டு விரல் கழுத்தோரம் போனால் சட்டை எங்கே. கல்யாணமான புதிதில் அதில் ஓர் அழகுகூட இருந்தது, ஊமை நாடகம் மாதிரி, அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள், தோழிகளிடம் நடித்துக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சாடைகளில் அவளைக் கூப்பிட ஒரு சாடை கிடையாது. தேவைப்படவில்லை. கூப்பிடுகிற தூரத்துக்கு அவள் போனதே இல்லை. ரிட்டயரானபோது மில்லில் மாலை போட்டார்கள், மைக்கைக் கொடுத்தார்கள், அவர் நாலு நிமிஷம் பேசினார். நாலு நிமிஷம்! பிட்டர் ஆறுமுகத்தைப் பற்றி, கேன்டீன் டீயைப் பற்றி, பழைய எட்டாம் நம்பர் மெஷினைப் பற்றி. அம்சவேணி முதல் வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்து, யாருடைய புருஷனோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நம்பர் மெஷின் மேல் பொறாமையாக இருந்தது. இந்த மனுவை அவர் முன்னால் வைத்தபோதும் அப்படித்தான், படிக்கவில்லை, "எங்க?" என்றார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். இங்கே, இங்கே, இந்தப் பக்கம் கீழே. எட்டு இடத்தில் போட்டுவிட்டு, பேனாவை மூடிக் கொடுத்தார். முதல் தடவை நீதிபதி அம்மா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டபோது, சம்மதமுங்க என்றார். பெண் பார்க்க வந்த அன்றும் அதே சொல், அதே குரலில், அதே மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு. அவளோடு வாழ்வதும் அவருக்குச் சம்மதம், வாழாததும் சம்மதம். ஒரு சண்டை போட்டிருந்தால். ஒரு தடவை, போகாதே என்றோ, போய்த் தொலை என்றோ. இரண்டுக்கும் அவள் தயாராக இருந்தாள்; பதில்கூட வைத்திருந்தாள்.

போன் நடுங்கியது. சிந்துஜா. மகள் ஓசூரில் இருக்கிறாள். "கூப்பிட்டாங்களா?" "இன்னும் இல்லை." "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைம்மா. எந்திரிச்சு வீட்டுக்குப் போ. எங்க அத்தை கேக்கறாங்க, உங்கம்மா ஓடிப் போறாளாமான்னு. என்ன பதில் சொல்ல?" "ஓடறதுக்கு எங்க கண்ணு, மாடிக்குத்தானே." "தமாசு பண்ணாதே." பின்னால் குக்கர் விசில் அடித்தது. "நாலு பேரு வாழறாப்பல வாழ்ந்துட்டுப் போன்னு எனக்குச் சொன்னியே. அந்த நாலு பேரு யாரும்மா? எனக்கு இன்னிக்காவது சொல்லு." அம்சவேணி போனை மறு காதுக்கு மாற்றினாள். "சரி விடு. அப்பா சாப்பிட்டாரா?" "சாப்பிட்டாச்சு." "ம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லிப் பழகியிருக்கலாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வராந்தா, ஒருவேளை இதே பெஞ்சு. அப்போது கேஸ் சிந்துஜாவுடையது; அவளுக்கு இருபத்திமூன்று. புருஷன் வீட்டிலிருந்து கைப்பையோடு வந்து நின்றாள். அவன் என்னைக் கதவுக்கு வெளியே நிக்க வைக்கறாம்மா, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், மாடி வீட்டுக்காரங்க பாக்கப் பாக்க. அதற்கு அம்சவேணி என்ன கேட்டாள்? இந்த வாயால்தான் கேட்டாள். அப்புறம் உள்ள விட்டுட்டாரல்ல? அதைக் கேட்ட பிறகு அந்தப் பெண்ணின் முகத்தில் என்னமோ ஒன்று மூடிக்கொண்டது, சத்தமில்லாமல், கடை சாத்துகிற மாதிரிகூட இல்லை, கண் சாத்துகிற மாதிரி. குழந்தைவேலு அன்றைக்கும் வந்திருந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசினதெல்லாம் இவள்தான். ஆலோசகர் அம்மா, இதே ஆலோசகர் அம்மா, தலைமயிர் அப்போது கறுப்பு, அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி அம்மாக்கள் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லீங்க" என்றார். அந்தப் பாராட்டை வீடு வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள், பிரசாதம் கொண்டுபோகிற மாதிரி. சிந்துஜா திரும்பிப் போனாள். இரண்டு பிள்ளைகள். இப்போதெல்லாம் அவன் வெளியே நிறுத்துவதில்லையாம். ஏன் என்று இவள் கேட்கவில்லை. கேட்டால், நான் இப்ப வெளிய போறதே இல்லைம்மா என்று பதில் வந்துவிடும் என்று பயம். இன்றைக்குத் தீர்ப்புக் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போக வேண்டும் என்று ஒரு நினைப்பு அவளுக்கு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. பார், எனக்கே ஆச்சு, உனக்கும் ஆகும் என்று சொல்ல. சொன்னால் அந்த முகம் திறக்குமா என்று பார்க்க. அதற்காகவாவது ஒரே ஒரு பொய். இல்லீங்க. முடியாதா? திருட்டா, கொலையா? மகளிடம் அன்றைக்கு எத்தனை பொய் சொன்னாய், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒன்று, அவருக்கு உன்மேல் உசிர் என்று ஒன்று. அப்போதெல்லாம் தடுக்காத நாக்கு.

பன்னிரண்டேகாலுக்கு அவர் வந்தார். வராந்தாக் கோடியில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் அம்சவேணிக்கு முதலில் வந்தது நிம்மதி, அதற்கடுத்த நொடியே அந்த நிம்மதிமேல் கோபம். சட்டை இஸ்திரி போட்டிருக்கவில்லை. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கண் அதை நீவிவிடப் போனது; கண்ணைக் குழந்தையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இதுதானுங்களா உங்களுது? சாதுவாட்ட இருக்கறாரு" என்றாள் மஞ்சள் சுடிதார், ஏமாற்றத்தோடு. "சாதுதான்." நளாயினி வேகமாகப் போய் அவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். "…மெஸ்ல சாப்பிடறேன்னு சொல்லுங்க சார், அது போதும், சரிங்களா?" அவர் உள்ளங்கையைக் கவிழ்த்தார். போதும், புரிந்தது. வக்கீலுக்கு அந்தச் சாடை தெரியாமல் இன்னொரு தடவை சொன்னாள். அவர் இன்னொரு தடவை கவிழ்த்தார். மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு மணிக்குச் சோறு. ஒன்று பத்தானால் வயிறு கத்தும், கை லேசாக நடுங்கும். அம்சவேணி தன்னையறியாமல் கணக்குப் போட்டாள்: கூப்பிட இன்னும் அரைமணி, உள்ளே பத்து நிமிஷம், பஸ் முக்கால் மணி, வீட்டில் புளிக்குழம்பு இருக்கிறது, சோறு மட்டும் வைத்தால் போதும். தீர்ப்பு வாங்கிய கையோடு உலை வைக்கிற ஒருத்தி. அந்தக் காட்சி அத்தனை துல்லியமாக வந்தது, அரிசி களைகிற தண்ணீரின் நிறம்கூட. பிரித்துவிட்டோம் என்று சீல் வைத்த தாள் சாமி படத்துக்கு அடியில் இருக்கும், போசி படியில் இறங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் எதைப் பிரிக்க இத்தனை தூரம் வந்தாள்? இவர்கள் கேட்கிற கேள்வி முட்டாள்தனமான கேள்வி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அம்சவேணி… குழந்தைவேலு…" மூன்றாவது தடவைக்கு இடம் கொடுக்காமல் எழுந்தாள். உள்ளே ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் விசாரிப்பார்கள்; அதனால் பெரிய அறை காலியாக, பள்ளிக்கூடம் விட்ட பிறகு வகுப்பு இருக்குமே அப்படி இருந்தது. நீதிபதி அம்மாவுக்கு ஐம்பதுக்குள்தான் இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அறிக்கையைப் படித்தார். "ஒரே அடுப்புன்னு எழுதியிருக்காங்களே." நளாயினி, "அது தவறான புரிதலுங்க மேடம், ரெண்டு மனுதாரர்களும் இங்கயே சொல்லுவாங்க" என்றாள். நீதிபதி அம்மா அவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க ஐயா. சாப்பாடு எங்க?" "மெஸ்லீங்க." சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அதோடு நின்றிருக்கலாம். "இந்த வயசுல உடம்புக்கு ஒத்துக்குதுங்களா?" என்று அந்த அம்மா சும்மா, பரிவாகக் கேட்டார். குழந்தைவேலுவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மில்லில் மைக் முன்னால் வந்த அதே தெளிவு. "நல்லா ஒத்துக்குதுங்க. பஸ் ஸ்டாண்டுகிட்டத்தான் மெஸ். காரம் அளவா இருக்குமுங்க. ரசம் ரொம்ப நல்லா வெக்கறாங்க, மிளகு தட்டிப் போட்டு. சட்டினியே நாலு நாள் நாலு மாதிரி. கையில பதம் உள்ளவங்க செஞ்சாத்தான் அப்படி வருமுங்க."

அவர் அந்த மெஸ்ஸுக்குள் கால் வைத்ததில்லை. அப்படி ஒரு மெஸ் இருக்கிறதா என்பதே தெரியாது. முப்பத்திரண்டு வருஷம், நாளைக்கு மூன்று வேளை, உள்ளங்கை கவிழும், போதும். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அப்படியானால் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. மிளகு தட்டிப் போட்டது தெரிந்திருக்கிறது. நாலு நாளுக்கு நாலு சட்னி என்று எண்ணிக்கொண்டுதான் தின்றிருக்கிறார். தெரிந்து, எண்ணி, ருசித்து, மூடி வைத்துக்கொண்டு, இன்றைக்கு எடுத்து இல்லாத ஒரு மெஸ்காரனுக்குக் கொடுக்கிறார். அம்சவேணிக்குக் காதில் இரைச்சல், மில்லில் ஆயிரம் நூற்புக் கதிர் ஒன்றாய்ச் சுற்றுகிற மாதிரி. "நீங்க சொல்லுங்கம்மா. இவருக்கு நீங்க சமைச்சுப் போடறதில்லை. சரிதானுங்களே?" நளாயினி அவள் வாயையே பார்த்தாள். சிந்துஜாவின் முகம் ஒருகணம் வந்து நின்றது, மூடியபடி.

"அந்த ரசம் நான் வெச்சதுங்க" என்றாள் அம்சவேணி.

"என்னம்மா?"

"மெஸ்ஸும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. பத்தொன்பது மாசமா மூணு வேளையும் என் கையாலதான் திங்கறாரு. இன்னிக்குக் காலைல ஆறு இட்லி, கொத்துமல்லிச் சட்டினி. மிளகு தட்டினது நான். பதம் என் கைப்பதம். அதை மாத்திச் சொல்ல மாட்டேனுங்க."

நளாயினி கண்ணை மூடித் திறந்தாள். நீதிபதி அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவளை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அப்ப தனித்தனியா வாழ்ந்தோம்னு மனுவுல சொன்னது நிக்காதும்மா. தள்ளுபடிதான் பண்ண முடியும். தெரியுதுங்களா?" "தெரியுதுங்க." "பேசாம சேர்ந்தே இருந்துக்கறீங்களா? இவ்வளவு பண்றீங்க…" "மாட்டேனுங்க." "புதுசா மனுப் போடணும்னா இன்னும் ஒரு வருஷம் நிஜமாலுமே பிரிஞ்சு இருக்கணும். அதுக்கப்புறம் மறுபடி ஆறு மாசம்." ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. ஓசூருக்கு இன்றைக்கு எடுத்துப்போக ஒன்றும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "இருக்கறேனுங்க. ஆனா இப்பவே எழுதிக்குங்கம்மா. அடுத்த தடவை வந்து நிக்கறப்ப அடுப்பு எங்க, போசி எங்கன்னு யாரும் என்னைக் கேக்கப்படாது. இனிமே இவருக்கு என் கையால ஒரு வாய்த் தண்ணிகூட இல்லை. அதை எழுதுங்க."

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு டைப் அடிக்கிற பெண்ணின் பக்கம் தலையசைத்து, வாசகம் சொல்லத் தொடங்கினார். முதல் மனுதாரர் இரண்டாம் மனுதாரருக்கு உணவு அளித்துவந்ததை ஒப்புக்கொள்கிறார், இனி அளிப்பதில்லை என்றும் தெரிவிக்கிறார். விசைகள் படபடவென்று விழுந்தன. ஒப்புக்கொள்கிறாராம், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. போகட்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் அது ஓர் இடத்தில் எழுத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்தித் திரும்பினாள். "எந்தத் தேதியிலிருந்துன்னு போடறதுங்க மேடம்? காலைல குடுத்திருக்காங்களே. நாளைலயிருந்துன்னு போடட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு" என்றாள் அம்சவேணி. "இன்னிக்கு மத்தியானத்துல இருந்துன்னு போடு."

குழந்தைவேலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.